டீச்சர் வீட்டுக்காரர்

உக்காருங்க தம்பி, இடம் இருக்கு. என் மூஞ்சியப் பாத்து யோசிக்காதீங்க. கோவத்துல இருக்கேன், ஆனா உங்க மேல இல்ல. ட்ரெஷரியில இருந்து நேரா வர்றேன். கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒரு பொம்பள பென்ஷன் வாங்கலாமா? படிச்ச பிள்ளை மாதிரித் தெரியுறீங்க, நீங்களே சொல்லுங்க. வாங்கலாமா? வாங்கலாமாம். அந்த ஆபீஸ்ல ஒரு சின்னப் பொண்ணு உக்காந்துக்கிட்டு எனக்குச் சட்டம் சொல்லுது. சட்டம்!

டிரைவர் டீக்குப் போயிருக்காரு, வண்டி எடுக்க நேரமாகும். நான் பந்தல்குடியில எறங்கிருவேன். நீங்க எட்டயபுரமா? அப்பச் சரி. நான் எறங்குற வரைக்கும் கேளுங்க.

எம்பேரு கோதண்டம். ஆனா எங்க ஊருல வந்து கோதண்டம் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. டீச்சர் வீட்டுக்காரர் வீடுன்னு கேக்கணும். அப்படி ஆக்கி வச்சிருக்கான் ஊருல. டீச்சர்னா என் சம்சாரம் தமயந்தி. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸும் ரெண்டாங்கிளாஸும் எடுத்தே தலை நரைச்சவ. போன வருஷம் ரிட்டயர்டு ஆனா. ரிட்டயர்டு ஆகும்போது பென்ஷன் கிடையாது அவளுக்கு. பென்ஷன் இல்லாத கவர்மெண்ட் வேலை! கேள்விப்பட்டிருக்கீங்கள்ல? ரெண்டாயிரத்து மூணு ஏப்ரலுக்கு முன்னால சேர்ந்திருந்தா பழைய பென்ஷன், சாகுற வரைக்கும் மாசாமாசம் வரும். அதுக்கு அப்புறம் சேர்ந்திருந்தா அவங்க சம்பளத்துலயே பிடிச்சு வச்சு, அதோட கவர்மெண்ட் பங்குன்னு கொஞ்சத்தைச் சேர்த்து, போகும்போது மொத்தமாக் கையில குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிருவான். என்ன அநியாயம் பாத்தீங்களா. என் சம்சாரம் அந்த வருஷம் ஜூன் மாசம் சேர்ந்தவ. ஜூன்! தப்புனது எத்தன நாளு? நினைச்சா எனக்கு வயிறு எரியும்.

ஆர்டர் என்னமோ அவளுக்குப் பொங்கல் முடிஞ்ச கையோட வந்துருச்சு. முப்பத்தெட்டு வயசுல வந்த வேலை. எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வச்சு, பதிஞ்சதையே மறந்துபோன காலத்துல வந்துச்சு. ஆனா எங்க போட்டிருந்தான்? தொண்டிக்கு அந்தப் பக்கம், கடற்கரையில ஒரு ஊரு. இவளும் ரெஜினான்னு ஒரு டீச்சரும் ஒண்ணாப் படிச்சவங்க, ரெண்டு பேருக்கும் அதே ஒன்றியம். ரெஜினா மறுவாரமே போயி சேர்ந்துருச்சு. இவளும் பெட்டியக் கட்டிட்டா. நான் விடுவேனா? பையன் திலீபன் அப்ப மூணாங்கிளாஸ். வீட்ல எனக்கு யாரு பொங்கிப் போடுறது? பொம்பளைய அவ்வளவு தூரம் தனியா விட்டுட்டு ஊருக்குள்ள நான் எப்படித் தலை நிமிந்து நடக்குறது? இரு, நான் ஆளைப் பாத்துப் பக்கத்துல மாத்தித் தர்றேன்னு சொன்னேன். சொன்னதைச் செஞ்சேனா இல்லையா? அலைஞ்சேன் தம்பி. நாயா அலைஞ்சேன். மதுரைக்கும் விருதுநகருக்கும் நடையா நடந்து, எங்க ஊருக்கே வாங்கிக் குடுத்தேன். கட்டின பெட்டி பத்து நாளு கதவுக்குப் பின்னால கெடந்துச்சு. அவ பிரிக்கவே இல்ல. நான்தான் தூக்கிப் பரண்ல போட்டேன். ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்தன்னிக்கு நானே சைக்கிள்ல கொண்டுபோயி விட்டேன். அதுக்கப்புறம் சொல்றான், ஏப்ரல்ல இருந்து சேர்ந்தவங்களுக்குப் பென்ஷன் கிடையாதுன்னு. இதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கவர்மெண்ட் பண்ணுன துரோகம்!

ரெஜினா டீச்சருக்குப் பழைய பென்ஷன். அதிர்ஷ்டம். சில பேருக்கு அப்படி அமையும்.

நானா? நான் பிசினஸ். மொதல்ல உரக்கடை போட்டேன். மழை பெய்யல, நான் என்ன செய்ய. அப்புறம் கேபிள் டிவி, அதை டிஷ்காரன் வந்து கெடுத்தான். அப்புறம் ஜெராக்ஸ் மிஷின், அது இப்பவும் வீட்ல இருக்கு, தண்ணிக்குடம் வைக்க தோதா இருக்கு. யாருகிட்டயும் ஒரு பைசாவுக்குக் கை நீட்டுனதில்ல தம்பி. தேவைன்னா டீச்சர் பேர்ல சொசைட்டில லோன் போடுவேன், சம்பளத்துல பிடிச்சுக்குவான். அவ்வளவுதான். கௌரவமா வாழ்ந்தவன்.

அவளுக்கு ஒரு கஷ்டம் வச்சதில்ல. பேங்க் பக்கம் அவ போனதே கிடையாது. ஏடிஎம் கார்டு எங்கிட்ட. சம்பளம் ஏறுனா மெசேஜ் என் போனுக்கு வரும். அவளுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? பள்ளிக்கூடத்துல பிள்ளைகளோட கத்திட்டு வர்றா, பாவம். பூ வாங்க, டீச்சருங்க கல்யாணத்துக்கு மொய் எழுத, கேட்டாக் குடுப்பேன். எதுக்குன்னு கேட்டுட்டுக் குடுப்பேன். அவ கேக்குறதும் கொறைஞ்சுபோச்சு, சிக்கனமானவ.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னால பழைய பென்ஷன் வேணும்னு ஸ்ட்ரைக் நடந்துச்சுல்ல, டீச்சருங்கல்லாம் கலெக்டர் ஆபீஸ் முன்னால உக்காந்தாங்கல்ல, அதுல நான் இருந்தேன். ஆமா தம்பி, நானும்தான். இவ அரண்டவ, கூட்டத்துல வாயே தெறக்க மாட்டா. அதனால மூணு நாளும் நான் கூடப் போனேன். அந்த வெயில்ல என் தொண்டைதான் ஒசந்து கேட்டுச்சு. "வேண்டும் வேண்டும் பழைய பென்ஷன் வேண்டும்!" சங்கத்துக்காரங்களே பாத்தாங்க, யாருடா இந்த ஆளுன்னு. மைக்கைக் குடுத்துட்டாங்க. பேசுனேன். "எங்கள் தாய்மார்கள் வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது! பெற்ற பிள்ளையிடம்கூடக் கையேந்தக் கூடாது!"ன்னு பேசுனேன். என்னா கைதட்டல். போலீஸ்காரங்க வந்து எல்லாரையும் வேன்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல வச்சாங்க. சாம்பார் சாதமும் ஊறுகாயும் குடுத்தாங்க. பேரு எழுதுற ஏட்டு, நீங்க எந்த ஸ்கூலுன்னு கேட்டாரு. டீச்சர் வீட்டுக்காரர்னு எழுதுய்யான்னேன்.

அந்த மண்டபத்துல ரெஜினாவும் இருந்துச்சு. இதைக் கவனிங்க. அதுக்குத்தான் பென்ஷன் இருக்கே! ஸ்ட்ரைக்குல கலந்துக்கிட்டா சம்பளத்தை வேற பிடிப்பான். நான் கேட்டேன், "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை? உங்களுக்குத்தான் வருதே?"ன்னு. "தமயந்திக்கு வரலையே அண்ணே"ன்னுச்சு. இது ஒரு காரணமா? எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. காரணம் இல்லாம ஒருத்தர் வெயில்ல உக்காருவாங்களா? உள்ள என்னமோ இருக்குன்னு நினைச்சேன். நினைச்சது சரியாத்தான் போச்சு.

போன வருஷம் இவ ரிட்டயர்டு ஆனா. மாலை, சால்வை, குத்துவிளக்கு, எல்லாம் குடுத்தாங்க. மொத்தப் பணம் வந்துச்சு. என் போனுக்குத்தான் மெசேஜ் வந்துச்சு. எத்தன சைபர்னு கண்ணாடி போட்டுப் பாத்தேன். சும்மா வைக்கலாமா பணத்தை? நானும் திலீபனும் உக்காந்து பேசி முடிவு பண்ணுனோம். அவனுக்கு ஒரு கார், டாக்சி ஓட்டுறேன்னான். மிச்சத்துக்கு வீட்டு மேல ஒரு மாடி. வாடகைக்கு விட்டா மாசாமாசம் வரும்ல? பென்ஷன் மாதிரித்தானே? கவர்மெண்ட் குடுக்காத பென்ஷனை நான் குடுக்கப் பாத்தேன் தம்பி அவளுக்கு. அவகிட்டயும் சொன்னேன். அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தா. "சரி"ன்னா. சரின்னுதான் சொன்னா! அப்புறம் ஒண்ணு கேட்டா, "எனக்குன்னு கொஞ்சம் இருக்கட்டுமே"ன்னு. உனக்கு என்னடி செலவு இருக்குன்னேன். அடுப்பப் பாக்கத் திரும்பிட்டா. இருந்தாத்தானே சொல்லுவா?

பெரும்பணத்தைக் கட்டிக் கார் வாங்கியாச்சு, மிச்சம் டியூ. மாடிக்குத் தூண் எழுப்பியாச்சு. அந்த நேரம் பாத்து கவர்மெண்ட் எறங்கி வருது. பழைய பென்ஷன் எல்லாருக்கும் உண்டுன்னு அறிவிச்சுட்டான். ரிட்டயர்டு ஆனவங்களும் வரலாமாம், ஆனா வாங்குன பணத்துல கவர்மெண்ட் போட்ட பங்கைத் திருப்பிக் கட்டணுமாம். டிவியில ஓடுது, பட்டாசு வெடிக்கிறான், லட்டு குடுக்குறான். எனக்கு அந்த லட்டு எறங்கல தம்பி. பணம் காராவும் கான்கிரீட்டாவும் நிக்குது, எதைக் கட்டுறது?

இவ என் பக்கத்துல வந்து உக்காந்தா. "நாமளும் மாறிக்கிருவோமாங்க?"ன்னா.

"பைத்தியமா உனக்கு? காரை வித்துட்டுப் பிள்ளைய ரோட்டுல நிறுத்தச் சொல்றியா?"

"கார் இருக்கட்டும். வேற வழி பாக்கலாம்."

"வழியும் இல்ல, வாய்க்காலும் இல்ல. இத்தன வயசுக்கு மேல நீ எத்தன வருஷம் வாங்கிறப் போற? கையில வந்த பணத்தை எவனாவது திருப்பிக் குடுப்பானா?"

அவ என்னையே பாத்தா. "இதுக்குத்தான மூணு நாளு கலெக்டர் ஆபீஸ்ல கத்துனீங்க?"ன்னா.

"அது வேற, இது வேற!"ன்னேன். வேறதான தம்பி? அன்னிக்கிப் பணம் அவன்கிட்ட இருந்துச்சு. இன்னிக்கி நம்மகிட்ட இருக்கு. இது புரியல அவளுக்கு. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தே அறிவு அவ்வளவுல நின்னுபோச்சு.

அதோட விட்டுட்டான்னு நினைச்சேன். ரெஜினாவப் பாக்கப் போறேன், ரெஜினாவப் பாக்கப் போறேன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை அருப்புக்கோட்டைக்குக் கெளம்புவா. ரெஜினாவும் ரிட்டயர்டு ஆகி இங்கதான் வீடு கட்டியிருக்கு. பொம்பளைங்க, பேசிக்கிட்டிருப்பாங்கன்னு நான் கண்டுக்கல.

போன வாரம் மேஸ்திரி வந்து நிக்கிறாரு. தளம் போடணும், கம்பிக்குப் பணம் வேணும், இல்லேன்னா வேற வேலைக்குப் போயிருவேங்கிறாரு. சரி, அதுக்கும் நான் ஒரு யோசனை வச்சிருந்தேன். அவ நகை இருக்குல்ல? அவ அப்பா போட்டது, அவ சீட்டுப் போட்டுச் சேத்தது. அடகு வச்சுத் தளத்தைப் போட்டுட்டு, வாடகை வரவும் மீட்டுக்கலாம். பீரோவைத் தெறந்து டப்பாவை எடுத்தா, லேசா இருக்கு. உள்ள ஒரு மூக்குத்தியும் பஞ்சும்தான் கெடக்கு.

திருடன் வந்துட்டான்னு கத்துனேன். திலீபன் ஓடிவர்றான், பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவர்றான். மேஸ்திரி, நான் இல்லங்க, நான் வாசல் தாண்டி வரலைங்கன்னு கும்பிடுறாரு. போலீசுக்குப் போன் போடப் போயிட்டேன். இவ பின்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தவ, கையைத் தொடச்சுக்கிட்டு மெதுவா வர்றா.

"போனை வைங்க. நான்தான் வித்தேன்."

"என்னது?"

"நான்தான் வித்தேன். பத்தாததுக்கு ரெஜினாகிட்ட வாங்கினேன். கவர்மெண்ட் பங்கைக் கட்டிட்டேன். பென்ஷன் ஆர்டர் வந்துருச்சு. போன மாசத்துல இருந்து வருது."

"எங்க வருது? எனக்கு மெசேஜே வரலையே?"

"வேற பேங்க்ல கணக்கு தெறந்திருக்கேன். எனக்கு வருது."

பக்கத்து வீட்டுக்காரன் முன்னால சொல்றா தம்பி! மேஸ்திரி முன்னால! எனக்கு அப்பத்தான் அவ கையப் பாக்கத் தோணுச்சு. வளையல் இல்ல. கேட்டா, ரெண்டு மாசமாவே இல்லையாம். ரெண்டு மாசமா என் கண்ணு முன்னாலயே வெறுங்கையோட சோறு போட்டிருக்கா, நான் ஏமாந்திருக்கேன். நான் என்ன, தட்டுல சோத்தைப் பாப்பேனா, போடுற கையப் பாப்பேனா?

கத்துனேன். இல்லேன்னு சொல்லல. யாரா இருந்தாலும் கத்தியிருப்பாங்க. "நான் தெருவுல உக்காந்து, வெயில்ல வெந்து, போலீஸ் வேன்ல ஏறி, தொண்டை கிழியக் கத்தி வாங்குன பென்ஷன்டீ அது!"ன்னேன்.

அவ ஒண்ணும் கோவப்படல. எங்க கல்யாணத்துல இருந்து அவ கோவப்பட்டு நான் பாத்ததில்ல, அதுதான் எனக்கு எரிச்சல். "ஆமாங்க. நீங்க நல்லாத்தான் கத்துனீங்க. அதான் கெடைச்சிருச்சுல்ல? இனிமே வீட்ல கத்தாதீங்க"ன்னுட்டு, காயப்போட்ட மிச்சத் துணியக் காயப்போடப் போயிட்டா.

மேஸ்திரி சிரிப்பை அடக்குறதுக்குத் தலையைத் திருப்பிக்கிட்டாரு. அவரைப் போகச் சொல்லிட்டேன். மாடி தூணோட நிக்குது. திலீபன் பையலாவது எம்பக்கம் நிப்பான்னு பாத்தேன். அவன் சாயந்திரமே, "அம்மா, இந்த மாசம் கார் டியூ கட்ட ஏதாவது குடுக்குறியா?"ன்னு அவ பக்கத்துல போயி உக்காந்துட்டான். "நீ ஓட்டிக் கட்டுப்பா"ன்னு சொல்லிட்டா. பெத்த பிள்ளைகிட்ட! தாயா அவ?

ஒரு வாரம் நான் அவளோட பேசல. சாப்பிடுவேன், பேச மாட்டேன். இன்னிக்கி முடிவு பண்ணிட்டேன். ட்ரெஷரியில போயி நேராக் கேட்டுர்றதுன்னு. காலைல பஸ்ஸுக்குக் காசு கேட்டேன், அவகிட்டதான். வேற யாருகிட்டக் கேக்குறது? எங்க போறீங்கன்னா. உம்மேல புகார் குடுக்கப் போறேன்னேன். ஐநூறு ரூபாயை எடுத்துக் குடுத்து, "மதியத்துக்குள்ள வர முடியலேன்னா ஓட்டல்ல சாப்பிட்டுருங்க, வெறும் வயித்தோட மாத்திரை போடாதீங்க"ங்கிறா. எவ்வளவு திமிரு பாருங்க.

அந்த ஆபீஸ்ல ஒரு சின்னப் பொண்ணு. என் பேத்தி மாதிரி இருக்கு. நான் பொறுமையாத்தான் ஆரம்பிச்சேன். அம்மா, என் சம்சாரத்துக்குப் பென்ஷன் போட்டிருக்கீங்க, புருஷன் சம்மதம் வாங்கலையேன்னு. "அதுக்குச் சம்மதம் தேவையில்ல சார், அவங்க வேலை பாத்தது, அவங்க பென்ஷன்"னுச்சு. அப்படின்னா எனக்குத் தெரியாம எப்படிப் போட்டீங்கன்னேன். "உங்களுக்குத் தெரியாமலா? ஜோடிப் போட்டோ குடுத்திருக்கீங்களே சார்"னு ஃபைலை எடுத்துத் திருப்பிக் காட்டுது.

நான்தான். அவ பக்கத்துல உக்காந்திருக்கேன். ஆவணியில ஒரு நாளு, "கல்யாணத்துக்கு அப்புறம் நாம சேர்ந்து ஒரு போட்டோவே எடுக்கலைங்க, வாங்க ஸ்டுடியோவுக்குப் போவோம்"னு கூப்பிட்டா. வயசான காலத்துல ஆசைப்படுறாளேன்னு நானும் புதுச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன். ஒரு ஆளு தம்பி, ஒரு ஆளு மோசம் போறதைப் பாத்திருக்கீங்களா? அந்தப் போட்டோவுல நான் பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்.

"என் போட்டோவை எதுக்குங்க வச்சிருக்கீங்க? பணம்தான் அவளுக்குப் போகுதே?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு நிதானமா வெளக்குது. பழைய பென்ஷன்ல அப்படித்தானாம். டீச்சர் காலத்துக்கு அப்புறம் குடும்பப் பென்ஷன் எனக்கு வருமாம். நான் இருக்கிற வரைக்கும் வருமாம். பழையபடி மொத்தப் பணத்தோட விட்டிருந்தா அது கிடையாதாம். "மேடம் ஃபார்ம் குடுக்க வந்தன்னிக்கு அதைத்தான் சார் ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. நான் போயிட்டா அவருக்குக் கண்டிப்பா வருமா, அவரு யாருகிட்டயும் கேக்க வேண்டியிருக்காதேன்னு"ங்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்தேன். ஆபீஸே எந்திரிச்சு நின்னுருச்சு. "அப்ப என்னம்மா சொல்ற? அவ செத்தாத்தான் எனக்குக் காசா? அவ இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே கிடையாதா?"ன்னு மேசையத் தட்டிட்டேன்.

அந்தப் பொண்ணு பயந்துரும்னு பாத்தேன். பயப்படல. ஃபைலை மூடி வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுது.

"அவங்க இருக்காங்கல்ல சார்."

இது ஒரு பதிலா தம்பி? நான் என்ன கேக்குறேன், அது என்ன சொல்லுது? இதுக்குத்தான் கவர்மெண்ட் சம்பளம் குடுத்து உக்கார வச்சிருக்கா? நல்லா யோசிச்சுப் பாருங்க. நானும் அங்க இருந்து பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். என்ன பதில் அது?